பின்சுவரில் ஒரு காலண்டர்

வெள்ளை அடிப்பது எனக்குப் பிடித்த வேலை, ஐயா. பிரஷ்ஷை நனைத்து மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுத்தால் பழைய சுவர் போய்ப் புதுச் சுவர் வந்துவிடுகிறது. அதைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி. ஒவ்வொரு பொங்கலுக்கும் என் வீட்டை முடித்த கையோடு, மயிலாடுதுறைச் சாலையில் நான் வாடகைக்கு விட்டிருந்த கட்டடத்துக்கும் போய்விடுவேன். அங்கே செம்மொழி என்ற பெண் தையல் கூடம் நடத்தினாள். பள்ளிச் சீருடைதான் முக்கியமான வேலை. பக்கத்து ஊர்ப் பெண்கள் சிலர் அவளிடம் தைத்தார்கள்.

அவர்களில் அம்சவல்லிக்குக் கொஞ்சம் வாய் அதிகம்.

"அண்ணே, கட்டட ஓனரே வந்து வெள்ளை அடிக்கிறத நான் எங்கயும் பாத்ததில்ல. எங்க வீட்டுக்கும் ஒரு நடை வாங்களேன். கூலியெல்லாம் கிடையாது, மீன் கொழம்பு ஊத்துறேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே பின்சுவருக்குப் போவேன். வெள்ளை அடிப்பதற்கு முன்னால், அங்கே மூலையிலிருந்து ஜன்னல் வரை ஓடும் ஒரு வெடிப்பில் சிமெண்ட் பால் விட்டுப் பூசுவேன். அதற்காகத்தான் ஆள் வைக்காமல் நானே போனேன்.

அந்த இடம் முன்பு எங்கள் வயல். அதன் ஓரமாக ஒரு சின்ன வாய்க்கால் போனது. மேட்டூர் அணை நேரத்துக்குத் திறக்காத வருஷங்கள் அடுத்தடுத்து வந்தபோது, அதில் எருக்கு முளைத்துக் கிடந்தது. வாய்க்கால் செத்துவிட்டது என்று ஊரே பேசியது. நான் மண்ணடித்துத் தூர்த்தேன். கட்டடத்தின் பின்சுவர் சரியாக அதன் மேல் வந்தது. கடைக்கால் தோண்டும்போது கொத்தனார் தங்கையன், "மண்ணு இன்னும் லூசாத்தாங்க இருக்கு, இன்னும் ஆழமா எறக்கவா?" என்று கேட்டார். போதும் என்றேன். வெயிலில் நின்று எல்லோருக்கும் களைப்பாக இருந்தது.

பிறகு அணை ஒழுங்காகத் திறக்க ஆரம்பித்தது. மேற்கே தூர்க்காமல் மிச்சமிருந்த வாய்க்காலில் தண்ணீர் வந்து, என் கட்டடத்தின் முதுகில் முட்டி நின்றது. பிறகு சத்தமில்லாமல் அடியில் இறங்கியது. நான் விவசாயி, தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனியில் வெடிப்பு விட ஆரம்பிக்கும், தையில் நான் மூடுவேன், கோடையில் சுவர் சாதுவாக இருக்கும். அதனால் வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களுக்குப் பங்குனி, சித்திரையில்தான் கட்டடத்தைக் காட்டினேன். உள்ளூர்க்காரர்களுக்கு விட்டதில்லை. அவர்களுக்கு வாய்க்கால் ஓடிய இடம் தெரியும். செம்மொழி நாகப்பட்டினத்துப் பெண், அவளுக்குக் கடல்தான் தெரியும்.

அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். விளைந்த வயலை அழித்து அந்தக் கட்டடத்தைக் கட்டினேன், ஐயா. அதுவும் பழுது என்றால் வயலை எதற்கு அழித்தாய் என்ற கேள்வி வரும். வேறு யாரும் கேட்க வேண்டாம், நானே கேட்பேன்.

போன ஆடியில் செம்மொழியே வெடிப்பைக் கண்டுபிடித்தாள்.

"அண்ணே, இஞ்சினியர் யாரையாச்சும் கூட்டியாந்து காட்டிடலாமா?"

எங்கள் ஒப்பந்தப்படி கட்டடத்தின் பலத்துக்கு நான் பொறுப்பு. உபயோகத்தால் வரும் சேதத்துக்கு அவள் பொறுப்பு. பதில் தானாக வந்தது.

"ஒன் மோட்டார் மெஷின் அதிர்வும்மா. செவத்த ஒட்டியா போடுவாங்க?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். மறுநாளே மெஷின்களை முன்பக்கம் இழுத்துப் போட்டாள். பின்பக்கம் காலியானதும் பெண்கள் அங்கே பாய் விரித்து, சுவரில் சாய்ந்து மத்தியானச் சோறு சாப்பிட ஆரம்பித்தார்கள். காற்றோட்டமாக இருக்கிறது என்று எனக்கு நன்றி வேறு சொன்னார்கள்.

இந்த வருஷம் தண்ணீர் வந்த பிறகு போய்ப் பார்த்தேன். வெடிப்பின் வழியாக வெளிச்சம் தெரிந்தது. பள்ளிக்கூடம் திறந்து சீருடை வேலை மலையாகக் கிடந்த சமயம். இப்போது காலி செய்யச் சொன்னால் செம்மொழியின் பிழைப்பு கெட்டுவிடுமே என்று நினைத்தேன். அவளுக்காகத்தான் நினைத்தேன். தையல் முடியட்டும், அதற்குள் ஒன்றும் ஆகாது என்று, வீட்டிலிருந்து சுவாமிமலை முருகன் படம் போட்ட பெரிய காலண்டரைக் கொண்டுபோய் வெளிச்சம் தெரிந்த இடத்தை மறைத்து மாட்டினேன்.

"வருசம் பாதி போனப்பறம் காலண்டராண்ணே?" என்றாள் அம்சவல்லி. "நாங்க சாப்புடுறத முருகன் பாத்துக்கிட்டே இருந்தா, அவருக்கும் ஒரு உருண்டை எடுத்து வைக்கணுமே."

"வையி, குறைஞ்சா போயிடுவ?" என்றேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. போன் வந்து முன்பக்கம் எழுந்து போன செம்மொழிக்கு ஒன்றும் இல்லை. மற்றவர்கள் கைகால் ஒடிந்து கிடக்கிறார்கள். அம்சவல்லியை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. சோற்றுக்கை மட்டும் அப்படியே மடங்கியிருந்தது.

மெஷின் அதிர்ந்துதான் சுவர் விழுந்தது என்று உங்களிடம் சொன்னவன் நான். அதை வைத்துத்தான் செம்மொழி மேல் வழக்கு எழுதினீர்கள். நேற்று ஆஸ்பத்திரி வாசலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க அப்பவே சொன்னீங்கண்ணே. நான்தான் மொதல்லயே மெஷின முன்னால போடாம விட்டுட்டேன். அம்சவல்லி புள்ளைங்க மொகத்துல நான் எப்புடிண்ணே முழிப்பேன்?"

அழாதே என்றேன். அவளுக்குச் சொல்ல என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்தேன்.

அவளை விட்டுவிடுங்கள், ஐயா. மெஷினுக்கும் சுவருக்கும் சம்பந்தமில்லை. வாய்க்கால் மேல் கட்டியது நான், வெடிப்பைத் தெரிந்தே மூடியதும் நான். ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நான் கவனமில்லாதவன் இல்லை. அந்தக் காலண்டரை மாட்டும்போது கூட, சுத்தியலைத் துணியில் சுற்றி, ஆணியை மெல்லத் தட்டித் தட்டித்தான் இறக்கினேன். ஓங்கி அடித்தால் அந்தச் சுவர் தாங்காது.