எம் மவ யாருக்குச் சொல்லிக் குடுப்பா?

— காப்பி ஆறுது டீச்சர், குடிச்சிக்கிட்டே சொல்லுங்க. சம்பளம் வேண்டாம், புஸ்தகம் சும்மா, பஸ்ஸும் சும்மா. அம்புட்டும் எம் மவ முத்துலட்சுமிக்கு. ஏன்னுதான் கேக்கேன்.

— இதென்ன கேள்வி தங்கபுஷ்பம்? சனிக்கிழமை மனக்கணக்குப் போட்டியிலே மெட்ராஸ் ஸ்கூல் அத்தனையையும் தூக்கிச் சாப்ட்டுட்டுக் கப்பை வாங்கிண்டு போனாளே, அதுக்குத்தான். எங்க ஸ்கூல் ரெண்டாவது. கரஸ்பாண்டென்ட் ஹால்லயே சொல்லிட்டார், 'பங்கஜம், அந்தக் கார்ப்பரேஷன் ஸ்கூல் பொண்ணு நம்மகிட்ட வந்தாகணும்'னு.

— ரெண்டாவது வந்தாலும் ஒங்க பய நல்லாத்தான் செஞ்சான்.

— என்னத்தைச் செஞ்சான்? கேள்வி முடியறதுக்குள்ள உங்க பொண்ணு பதில் சொல்லிட்டா. அவன் அப்பதான் பென்சிலைத் தேடிண்டிருந்தான். மனக்கணக்குக்கு என்னத்துக்குப் பென்சில்னு நான் தலையிலே அடிச்சுண்டேன்.

— கப்பு இப்ப ஹெட்மாஸ்டர் மேசையில இருக்கு. போற வாற ஆளெல்லாம் தொட்டுப் பாத்துட்டுப் போறாவ. மீன் விக்க வாற பொம்பள கூட, கூடைய வாசல்ல எறக்கி வச்சிட்டு உள்ள போயிப் பாத்துட்டு வந்தா. 'நம்ம ஸ்கூலு கெலிச்சுட்சிம்மா'ங்கா. அவ பிள்ளை அங்க படிக்கவும் இல்ல.

— சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனா இனிமே அந்த ஸ்கூல்ல அவளுக்கு என்ன இருக்கு, சொல்லுங்கோ. நேத்திக்கு அந்தப் பக்கமா வந்து எட்டிப் பாத்தேன். மூணு, நாலு, அஞ்சு, எல்லாம் ஒரே ஹால்ல. ஒரே வாத்தியார்.

— கரீமுல்லா சாரு. தங்கமான மனுசன்.

— இருக்கட்டும். ஒருத்தர் மூணு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாடம் நடத்தினா எந்தக் குழந்தைக்கு என்ன ஏறும்? மழை பேஞ்சா ஓடு ஒழுகறது. மத்யானம் கோதுமை உப்புமா. சாந்தோம் குப்பத்துக் குழந்தைகளோட பேசிப் பேசி அவா பாஷையும் உங்க பொண்ணுக்கு வந்துடுத்தாமே.

— அதை ஏன் கேக்கிய. நேத்து அவங்க அப்பா சாப்பிட உக்காந்தாவ. 'நைனா, இன்னா கொழம்பு?'ங்கா. அவியளுக்குச் சோறு தொண்டையில நின்னுட்டு. திருநெல்வேலியில யாரும் கேட்டா, எங்களத்தான் ஏசுவாவ.

— பாத்தேளா, அதைத்தான் நானும் சொல்றேன்.

— ஆனா உப்புமா நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஒரு நா எனக்கும் கொஞ்சம் கொண்டு வந்தா. ஆமா, நீங்க எந்த ஸ்கூல்ல படிச்சிய?

— நானா? திருவல்லிக்கேணியிலே.

— எந்த ஸ்கூலு?

— கார்ப்பரேஷன் ஸ்கூல்தான். அது வேற காலம். அப்போ எல்லாரும் அங்கதான் படிச்சா.

— சரி சரி, நான் ஒண்ணும் சொல்லல. அவளப் போடப்போற அந்த ஸ்பெஷல் செக்ஷன்னா என்ன? முத்துலட்சுமி அப்பா பாத்திரக் கடையில யார்கிட்டயோ கேட்டுட்டு வந்து சொன்னாவ. எனக்குப் பிடிபடல.

— இந்த வருஷம்தான் ஆரம்பிக்கறோம். பரீட்சை வெச்சு, நாலாவது முடிச்சவாள்லேருந்து கெட்டிக்காரக் குழந்தைகளா முப்பது பேரைப் பொறுக்கி எடுத்துத் தனி கிளாஸ். ஃபேன் போட்ட ரூம். சட்டுனு புரிஞ்சுக்கற குழந்தை, புரியாத குழந்தைக்காக எதுக்குக் கையைக் கட்டிண்டு உக்காந்திருக்கணும்? அதான் ஐடியா. மெட்ராஸ்ல வேற எங்கயும் கிடையாதுன்னு கரஸ்பாண்டென்ட் சொல்லிண்டிருக்கார்.

— கணக்கு யாரு எடுக்கா?

— நான்தான்.

— முப்பதும் கெட்டிக்காரப் பிள்ளைவ.

— முப்பதும் ரத்தினம்.

— அந்த முப்பதுலயும் ஒருத்தி கடைசியா வந்துதானே ஆகணும்?

— மூணு மாசத்துக்கு ஒரு டெஸ்ட் உண்டு. கடைசியா வர மூணு பேர் பி செக்ஷனுக்குப் போயிடுவா. அங்கேருந்து மூணு பேர் மேலே வருவா.

— இப்பத்தானே எல்லாம் ரத்தினம்னு சொன்னிய.

— போட்டின்னு ஒண்ணு இருந்தாத்தானேம்மா படிப்பா. நீங்க எதுக்கு இவ்வளவு யோசிக்கறேள்? உங்காத்துக்காரருக்குச் சம்மதம்தானே?

— சம்மதம்னா? நேத்தே யூனிபாரத்துக்கு நீலத் துணி எடுத்துட்டு வந்து பொட்டியில வச்சிட்டாவ. காலையில போவும்போது, 'ஒன் இஷ்டம் புஷ்பம், ஆனா வேண்டாம்னு சொன்னா ஏன்னு எனக்கு வெளங்கச் சொல்லணும்'னு சொல்லிட்டுப் போயிருக்காவ. பக்கத்து வீட்டு ஜைதூன் பீயும், 'கெடச்சத வுடாத'ன்னு காலையிலேருந்து மூணு மட்டம் வந்து சொல்லிட்டா. எனக்கு ஆசை இல்லைன்னு நெனைக்காதிய டீச்சர். நான் அஞ்சாங் கிளாஸோட நின்னவ. எம் பிள்ளை நீலப் பாவாடை போட்டுக்கிட்டு, இங்கிலீஷ் பேசிக்கிட்டு, பஸ்ல ஏறிப் போறத நெனச்சு நெனச்சு எனக்குச் சோறே எறங்கல.

— அப்புறம் என்ன? சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. இன்னிக்குச் சொன்னாத்தான் உண்டு, நாளைக்கு நோட்டீஸ் போர்டுல பேரெல்லாம் ஒட்டிடுவா. அப்புறம் நீங்களே வந்து கேட்டாலும் இடம் இருக்காது.

— சொல்லுதேன். அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு சொல்லுங்க. எம் மவளுக்கு இந்தக் கணக்கு எப்படி வந்துதுன்னு நெனைக்கிய?

— அது பிறவியிலேயே வரது. சில குழந்தைகளுக்குப் பகவான் குடுத்து அனுப்பறார்.

— பொறவியாவது ஒண்ணாவது. மூணாங் கிளாஸ்ல பின்னத்துல முட்டை வாங்கினவ அவ. அரையவிட மூணுல ஒரு பங்குதான் பெருசுன்னு என்கிட்ட ஒத்தக் கால்ல நின்னா. ரெண்டவிட மூணு பெருசுல்லாங்கா. எனக்கும் பதில் சொல்லத் தெரியல.

— நிஜமாவா? அப்புறம் எப்படி?

— நாலாங் கிளாஸுக்குப் போனா. கரீமுல்லா சாரு தனி ஆளு, மூணு கிளாஸு. என்ன செய்வாரு பாவம்? நாலாங் கிளாஸுப் பிள்ளைவ ஆளுக்கு ஒரு மூணாங் கிளாஸுப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கணும்னு வச்சிட்டாரு. இவளுக்கு வந்து வாச்சான் வெள்ளைச்சாமின்னு ஒரு குப்பத்துப் பய. அவனுக்குப் பின்னம் சொல்லணும். இவளுக்கே தெரியாது.

— கர்மம்.

— சாருகிட்டப் போயிக் கேட்டுட்டு வந்து சொன்னா. அவனுக்கு வெளங்கல. இங்க வந்து தோசைய வெட்டி வெட்டிப் பாத்துட்டு, மறுநா போயி அதைச் சொன்னா. அதுக்கும் தலையச் சொறிஞ்சான். கயித்த மடிச்சுக் காட்டினா. ம்ஹூம். கடைசியில, 'ஒங்க அப்பா கட்டுமரத்துல ரெண்டு பேரு போனா ஒரு ஆளுக்கு எவ்வளவு மீனு, மூணு பேரு போனா எவ்வளவு மீனு'ன்னு கேட்டாளாம். பய டக்குனு பிடிச்சுக்கிட்டான். அவனுக்கு ஏறுறதுக்குள்ள இவளுக்கு ரத்தத்துல ஏறிட்டு. பெருக்கல், வகுத்தல், எல்லாம் இந்தக் கதைதான். அந்த வருசம் பூராவும் வீட்டுல ஒரு சாமானும் முழுசா இல்ல.

— அதான் சமாசாரமா? போட்டியிலே நான் கவனிச்சேன். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னாடி வாய்க்குள்ளயே என்னமோ முணுமுணுத்தா. ஏதோ ஸ்லோகம் சொல்றாளாக்கும்னு நெனச்சேன்.

— ஸ்லோகம் இல்ல. வெள்ளைச்சாமிக்குச் சொல்லுற மாதிரி சொல்லிப் பாத்துக்கிடுவா. அவனும் கடைசி வரிசையில உக்காந்து விசில் அடிச்சான்லா, கேக்கலியா?

— அதெல்லாம் சரி, ஆனா குழந்தைகளை வெச்சுக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தறது முறை இல்லையேம்மா.

— முறை இல்லதான். வாத்தியார் பத்தலன்னு கவுன்சிலர் வீட்டு வாசல்ல நின்னு நானே சத்தம் போட்டுருக்கேன், இன்னும் போடுவேன். ஓடு ஒழுகுறதும் நெசம். நான் ஒண்ணையும் மறைக்கல. ஆனா நடந்தது இது. அதனாலதான் கேக்கேன். ஒங்க கிளாஸ்ல முப்பதும் கெட்டிக்காரப் பிள்ளைவ, எல்லாத்துக்கும் எல்லாம் தெரியும். அப்போ எம் மவ யாருக்குச் சொல்லிக் குடுப்பா?

— யாருக்கும் சொல்லிக் குடுக்க முடியாது. கிளாஸ்ல பக்கத்துக் குழந்தையோட பேசினாலே பெஞ்சு மேல நிக்கணும்.

— அப்போ அவகிட்ட இருக்கறதும் போயிரும் டீச்சர்.

— இப்படியெல்லாம் பேசாதேங்கோ. வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதேங்கோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— என்ன டீச்சர், குரலு ஒரு மாதிரி ஆயிட்டு? வேண்டாம்னா வேற பிள்ளை கெடைக்காமலா போயிரும்?

— கிடைக்கும். ஆனா எனக்கு உங்க பொண்ணுதான் வேணும். கொல்லையிலே முத்துலட்சுமியோட விளையாடிண்டிருக்காளே, என் பொண்ணு கற்பகம், அவளும் அஞ்சாவதுதான். ஸ்பெஷல் செக்ஷன் பரீட்சை எழுதினா. கணக்குல நூத்துக்குப் பதினஞ்சு. நான் அங்க கணக்கு டீச்சர், என் பொண்ணு சி செக்ஷன். ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் என்னைப் பாத்தாப் பேச்சை நிறுத்திடறா. கரஸ்பாண்டென்ட் கூப்ட்டுச் சொன்னார், 'அந்தப் பொண்ணைக் கொண்டு வா, உன் பொண்ணையும் ஸ்பெஷல்ல போட்டுடறேன்'னு.

— எம் மவளைக் குடுத்தா, ஒங்க மவ கொசுறு.

— கொசுறுதான். வர வழியெல்லாம் என் மனசுக்குள்ள அந்த வார்த்தைதான் ஓடிண்டிருந்தது.

— அழாதிய டீச்சர். இந்தாங்க, முகத்தைத் தொடைங்க. எனக்கே ஒரு நிமிசம், சரின்னு சொல்லிருவமான்னு தோணிட்டு. நீங்களும் பிள்ளை பெத்தவதானே. ஆனா மூணு மாசத்துல டெஸ்டு வருமே. கடைசி மூணு பேர வெளிய அனுப்பணும்னா, கற்பகத்த யாரு அனுப்புவா?

— நான்தான் அனுப்பணும்.

— பின்ன எதுக்கு டீச்சர் இந்தப் பாடு?

— எனக்கு வேற வழி தெரியலை. ஆத்துல தெனம் பக்கத்துல உக்காத்தி வெச்சுச் சொல்லிக் குடுக்கறேன். ஏற மாட்டேங்கறது. எனக்குக் கோபம் வந்துடறது, ஒரு அறை கூட விட்டிருக்கேன். இப்பல்லாம் நான் சாக்பீஸை எடுத்தாலே அவ கதவுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கறா. எத்தனை குழந்தைகளுக்குக் கணக்கு வர வெச்சிருக்கேன் தெரியுமா? பெத்த பொண்ணுக்கு முடியலை.

— நான் சொல்லுறத மனசுல வச்சிக்காதிய. எம் மவ வரல. அவிய ஏன்னு கேப்பாவ, இப்பத்தான் எனக்கே பதில் கெடச்சிருக்கு.

— தீர்மானமாவா?

— தீர்மானமா. ஒங்க கரஸ்பாண்டென்ட் கேட்டா, தங்கபுஷ்பம் சொன்னான்னு சொல்லுங்க. அடுத்த வருசமும் நாங்க வருவோம். வெள்ளைச்சாமி நாலாங் கிளாஸுக்கு வந்துட்டான், அவனும் வருவான். ரெண்டு கப்பு வாங்கி வைக்கச் சொல்லுங்க.

— உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. நாளைக்குக் கரஸ்பாண்டென்ட் கூப்ட்டுக் கேப்பார். அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?

— ம்மா, இத்தக் கேளும்மா, இந்தப் பொண்ணு இன்னா சொல்லுதுன்னு.

— ஏட்டி முத்து, டீச்சர் இருக்காவ. 'இன்னா'ங்காத.

— சர்ம்மா. கற்பகத்துக்கு வந்துட்சிம்மா.

— என்னது வந்துட்டு?

— பின்னம். அது அழுதுக்கினு இருந்துச்சு, இன்னா மேட்டருன்னு கேட்டேன். பின்னம் வர்ல, அம்மா திட்டும்னு சொல்லுச்சு. தோசை சொன்னேன், ஏறல. மீனு சொன்னேன், மூக்கப் பொத்திக்கிச்சு. சரி வுடு, வா பாண்டி ஆடலாம்னு கட்டம் போட்டேன். அப்பால ஒரு கட்டத்த ரெண்டா கோடு போட்டு, இதுல நில்லுன்னேன். இன்னொண்ண மூணா கோடு போட்டு, இதுல நில்லுன்னேன். அவ்ளோதான், கப்புனு புடிச்சிக்கிச்சு.

— கற்பகம், இங்க வா. பயப்படாதே, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். அரை பெரிசா, மூணுல ஒரு பங்கு பெரிசா?

— அரைதான்மா. மூணாப் போட்டா கால் வெக்க இடம் கம்மியாயிடறது. ஆறாப் போட்டா கட்டைவிரல்தான் வெக்கலாம். அப்படின்னா ஆறுல மூணு பங்கும் அரையும் ஒண்ணு.

— ஆறு யாரு சொல்லிக் குடுத்தா?

— யாரும் இல்லைம்மா. நானே கோடு போட்டுப் பாத்தேன்.

— நெசமாத்தான் டீச்சர், நான் மூணோட நிறுத்திட்டேன். ஆறுல மூணு பங்கு எனுக்கே இப்பத்தான் தோணுது.

— அம்மா, ஏன் அழறே? தப்பாச் சொல்லிட்டேனா?

— இல்லைடி கண்ணா. ரொம்பச் சரியாச் சொல்லிட்டே. என் கண்ணு, இன்னொரு தரம் சொல்லு, நான் கேக்கறேன்.

— அதை நான் யாருக்காவது சொல்லிக் குடுக்கணும்மா. முத்து சொன்னா, இன்னொருத்தருக்குச் சொன்னாத்தான் மறக்காதாம். ஆனா எங்க கிளாஸ்ல பேசப்படாதே.

— டீச்சர், நல்ல நேரத்துல கண்ணு கலங்காதிய. உக்காருங்க, இன்னொரு வாய் காப்பி போடுதேன். என்ன எந்திச்சிட்டிய? கரஸ்பாண்டென்ட் வீட்டுக்கா?

— அவரை அப்புறம் பாத்துக்கறேன். உங்க ஸ்கூல்ல காலம்பற எத்தனை மணிக்குப் பெல் அடிப்பா?