கதவில் சிவப்புத் துணி

டீ ஆறிவிடும், முதலில் அதைக் குடித்துவிடுங்கள் மேடம். நான் எங்கேயும் ஓடப்போவதில்லை. ஆரம்பித்ததை ஒழுங்காகச் சொல்லி முடிப்பது என் பழக்கம். ரெகார்டிங்கில் யாராவது லேசாக இருமினால்கூட முதலிலிருந்து எடுக்கச் சொல்கிறவள் நான். அதனாலேயே என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள்.

என் பெயர் ஜானட். வீடு காலடிப்பேட்டையில். ஜப்பான் அனிமே ஒன்றுக்கு எங்கள் ஏரியாத் தமிழில் குரல் கொடுத்து யூடியூபில் போட்டுக்கொண்டிருந்தோம். மந்திரம் சொல்லித்தரும் ஒரு கல்லூரி. அங்கே நெருப்பை வரவழைக்கும் ஒரு வாயாடிப் பையன், தொட்டதையெல்லாம் உறையவைக்கும் ஒரு முசுட்டுப் பெண். வாள் சண்டை பாதி, இந்த இரண்டு பேர் சண்டை மீதி. தமிழ் வசனம் முழுக்க நான் எழுதியது. அந்தப் பெண்ணின் குரலும் நான்தான். பையனின் குரல் நெட்டுக்குப்பத்து அர்ஜுன்.

"இன்னாமே ஐஸுக்காரி, மொறச்சிகினே கீற? உன் குளுருக்கு என் நெருப்பாண்டதான் நீ வரணும்." இதை ராயபுரத்துப் பிள்ளைகள் ரிங்டோனாக வைத்திருக்கிறார்கள். எழுதியது நான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே மைக்குக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனும் நின்று பேசும்போது, அவன் என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். பதினோரு எபிசோட். திரையைப் பார்த்தும் சொல்லியிருக்கலாமே.

எங்கள் ஸ்டூடியோ, காசிமேட்டுப் பக்கம் மூடிக்கிடக்கும் ஒரு மீன் கம்பெனியின் குளிர் அறை. மெஷினை எப்போதோ கழற்றிவிட்டார்கள். சுவர் முழுக்க தெர்மாகோல், அரை அடி கனத்துக்குக் கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். வெளியே லாரி ஹாரன் அடித்தாலும் உள்ளே கேட்காது. உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே லேசாக ஒரு முனகல்தான் வரும்.

கைப்பிடியில் சிவப்புத் துணி தொங்கினால் ரெகார்டிங் நடக்கிறது, யாரும் திறக்கக்கூடாது. இது எங்களோடு பழகிய எல்லோருக்கும் தெரியும். பாக்கெட்டில் சத்தம் போடும் எதையும் உள்ளே கொண்டுபோகக்கூடாது. அர்ஜுனுக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங். அவனுடைய இன்ஹேலரும் வெளியே என் மேஜைமேல்தான் இருக்கும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்துவிடுவேன். அதில் நான் ரொம்பக் கவனம்.

போன வியாழக்கிழமை, மண்டை பிளக்கும் வெயிலில், பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தான். கடைசி எபிசோட். வந்ததும் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினான். பெண் அவனுடைய அத்தை மகள் பவானி.

"அப்போ இத்தினி நாளா பேசினதெல்லாம்?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "இன்னா ஜானட்டு, காமெடி பண்ற? அது டயலாக்கு. நீதானே எய்தின?"

வலித்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கோபப்படவில்லை. வேலை இருந்தது.

கடைசி எபிசோடில் எதிரி அந்தப் பையனைப் பனிக் குகையில் அடைத்துவிடுவான். பையன் அந்த ஐஸ்காரியின் பெயரைச் சொல்லிக் கதறுவான். அர்ஜுனுக்கு அந்தக் கதறல் வரவே இல்லை. ஒத்திகையில் டீக்கடைக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டான்.

அவன் உள்ளே போனான். துணியைத் தொங்கவிட்டேன். வழக்கமாகக் கதவைச் சாத்தினால் போதும். அன்று தாழ்ப்பாளும் போட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். இன்ஹேலரை எடுத்துக் கைப்பையில் வைத்தேன்.

பத்து நிமிடம் ஆனதும் அவனே கதவைத் தட்டினான். "ஜானட்டு, தொற. பேஜாரா கீது." குரலில் இன்னும் உயிர் வரவில்லை என்று எனக்குத் தோன்றியது.

கால் மணி நேரத்தில் பவானி வந்தாள், அவனுக்கு வஞ்சிரக் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு. கதவு தொப் தொப்பென்று அதிர்ந்தது.

"இன்னாக்கா சத்தம்?"

"சண்டை சீன்மா."

துணியைப் பார்த்தாள். சத்தமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா பண்ணுதாக்கா மாமா?" என்று குசுகுசுத்தாள்.

"இன்னிக்குத்தான் நல்லா பண்றான்" என்றேன்.

வெட்கப்பட்டுச் சிரித்தாள். நல்ல பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. சோறு ஆறக்கூடாது என்று பாத்திரத்தை மடியிலேயே வைத்திருந்தாள்.

இருபத்தெட்டாவது நிமிடம் தட்டுவது நின்றது. அப்புறம் மூச்சு மட்டும் இழுத்து இழுத்துக் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. ரெகார்டிங்கை நிறுத்தி, பெயர் போட்டுச் சேமித்துவிட்டு, எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். பவானி போட்ட கூச்சலில்தான் ஊர் கூடியது.

ஆமாம் மேடம். தாழ்ப்பாளைப் போட்டது நான். இன்ஹேலரை எடுத்து வைத்தது நான். அவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்ததும் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்கு அவசியமே இல்லை. லேப்டாப் உங்களிடம்தானே இருக்கிறது, போட்டுக் கேளுங்கள். கட்டிக்கொள்ளப் போகிறவளை அவன் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. பதினேழு தடவையும் என் பெயரைத்தான் கூப்பிட்டான்.