திருப்பிப் போட்ட பாதி

அந்த மெஷினைப் பார்க்கிறீர்கள். இந்த ஹாலுக்குள் வருகிற எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள், டீச்சர். பார்த்துவிட்டுப் பிரிண்டரா என்று கேட்பார்கள். அது அச்சடிக்காது, வெட்டும், உங்களுக்கு முன்பே தெரியும். கம்ப்யூட்டரில் கோடு வரைந்து கொடுத்தால், உள்ளே இருக்கும் பிளேடு அந்தக் கோட்டின் மேலேயே ஓடி அட்டையை வெட்டித் தரும். பிளேடு கடுகளவுதான். அதை அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெட்டுவதற்குப் பதில் கிழித்துவிடும்.

டீயைக் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது. தங்கச்சி உள்ளே தூங்குகிறாள், கதவைச் சாத்தித்தான் வைத்திருக்கிறேன். அவளுடைய வெள்ளைக் கோல் அதோ மூலையில் இருக்கிறது. "டீச்சர்கிட்டயே குடுத்துடுக்கா, வேற யாருக்காவது உதவும்" என்று அவள்தான் சொன்னாள். அதற்காகத்தான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். உங்கள் பாடத்தை நம்பித்தான் ஒரு பெண் படியில் விழுந்தாள், இனிமேல் கண் தெரியாத யாருக்கும் நடக்கச் சொல்லிக்கொடுக்க உங்களுக்குத் தகுதி இல்லை என்றீர்கள். போனை வைத்த பிறகு எனக்கு ஒரு வாய் சோறு கூட இறங்கவில்லை. அதனால்தான் நேரில் வரச் சொன்னேன். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்.

அவளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் அவ்வளவு சேட்டை. கண் மங்க ஆரம்பித்தபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். முழுக்க இருண்டபோது அம்மாவும் இல்லை. அப்புறம் நானும் அவளும்தான். எனக்கு வந்த கல்யாணப் பேச்சுகளை நான் தட்டிக் கழித்தேன். அப்படிச் செய்யச் சொல்லி அவள் கேட்கவில்லை. ஆனால் யாராவது விசாரித்தால் ஒரு பெருமூச்சு விட்டு அவள் அறைப் பக்கம் பார்ப்பேன். உடைக்கு நிறம் பார்த்துக் கொடுப்பது, தட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்வது, நகம் வெட்டிவிடுவது எல்லாம் நான். தங்கச்சியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும்.

மெஷின் வாங்கியது கடைகளுக்குக் காகிதப் பொம்மை செய்து கொடுக்க. கப்பல், கலங்கரை விளக்கம், யானை, இப்படி ஏதாவது கேட்பார்கள். செய்து முடித்ததும் முதலில் அவள் கையில்தான் கொடுப்பேன். தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது யானையா? தும்பிக்கை ஒட்ட மறந்துட்ட போல, எருமை மாதிரி இருக்கு" என்பாள். தும்பிக்கை மேஜையில்தான் கிடக்கும். அவள் விரல் தப்பு செய்து நான் பார்த்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். ஒருநாள் அவள் தனியாகத் தெருமுனைக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். எதிரே வந்த சைக்கிள்காரன் ஒதுங்கிப் போனான், அவள் அவனுக்கு நன்றி சொன்னாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். நானோ ரொட்டியைக் கிள்ளிப் பார்த்தேன். ரொட்டி காய்ந்துபோயிருக்கிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொன்னேன். ரொட்டி நன்றாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் போன் எடுத்துப் பேசும் வேலை கிடைத்ததும், பக்கத்திலேயே மாடி வீடு பார்த்துத் தனியாக இருக்கப்போவதாகச் சொன்னாள். நானும் தலையாட்டினேன். நீங்கள்தான் இந்த மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல அந்த வீட்டையே சின்னதா செஞ்சு தர முடியுமாங்க? விரலுக்கு ஒரு தடவ தெரிஞ்சுட்டா அப்புறம் காலு தானா போகும்" என்று கேட்டீர்கள். முடியாதென்று எப்படிச் சொல்வேன். டேப் எடுத்துக்கொண்டு போய்ச் சுவர் சுவராக அளந்து வந்தேன்.

நீங்கள் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை, அதனால் சொல்கிறேன். நடுவில் நீளமாக ஒரு நடை. ஒரு கோடியில் ஹாலும் சமையலறையும், மறு கோடியில் படுக்கையறை. படுக்கையறையை விட்டு வெளியே வந்து நின்றால் இடது கைப் பக்கம் குளியலறை, வலது கைப் பக்கம் கீழே இறங்கும் படி. படிக்குக் கதவும் இல்லை, தடுப்பும் இல்லை.

அட்டையை, மேலே பசை தடவிய ஒரு பிளாஸ்டிக் பாயில் ஒட்டித்தான் மெஷினுக்குள் விட வேண்டும். என் பாய்க்குள் முழு வீடும் அடங்காது. அதனால் தரையை ஹால் பாதி, படுக்கையறைப் பாதி என்று இரண்டாக வெட்டினேன். விரலுக்குத் தெரிய வேண்டுமே என்று சொரசொரப்பான அட்டை. அந்த மாதிரி அட்டையை முகம் கவிழ்த்து ஒட்டி முதுகுப் பக்கமாக வெட்டுவது என் வழக்கம், அப்போதுதான் மேல்பக்கம் சுத்தமாக வரும். கவிழ்த்து வெட்டுவதால் படத்தையும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிவிட வேண்டும். அதற்கு மிரர் என்று ஒரு பட்டன் இருக்கிறது. ஹால் பாதிக்கு அழுத்தினேன். அடுத்த பாதிக்கு அழுத்த மறந்துவிட்டேன். இந்த மெஷின் வைத்திருக்கிற எவரும் இந்தத் தப்பை ஒரு தடவையாவது செய்திருப்பார்கள். குளியலறை வலது பக்கம் வந்துவிட்டது, படி இடது பக்கம் போய்விட்டது. நடை நடுவில் இருந்ததால் இரண்டு பாதியும் வித்தியாசமே தெரியாமல் பொருந்திக்கொண்டன. சுவரெல்லாம் செருகி ஒட்டிய பிறகுதான் கவனித்தேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் எழுந்து வருவதற்குள் அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு விரலைக் கால் மாதிரி நடக்கவிட்டு, "இதோ வாலு எந்திரிச்சா, இதோ வலது பக்கம் திரும்புறா, இதோ பல்லு விளக்குறா" என்று சிரித்தாள். ஆசையாகச் செய்கிறாளே, அப்புறம் சொல்லலாம் என்று தோன்றியது. அந்த அப்புறம் தள்ளிக்கொண்டே போயிற்று. நீங்களும் வந்து அவள் விரல் நடக்கும் அழகைப் பார்த்துக் கைதட்டினீர்கள்.

வீடு மாறிய அன்று சாயங்காலம் நீங்கள் வருவதாக இருந்தது. அதுவரை கோல் இல்லாமல் நடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தீர்கள். உங்கள் பேரில் ஒரு குறையும் இல்லை. நான் அவள் கையைப் பிடித்துப் படியேற்றி அழைத்துப் போனேன். மேலே வந்து ஹாலுக்குப் போக வலது பக்கம் திரும்பியபோது அவள் நின்றுவிட்டாள்.

"அக்கா, ஹால் இடது பக்கம்ல வரணும்?"

அவள் விரல் தப்பு செய்யாது என்று சொன்னேன் அல்லவா. காலும் செய்யவில்லை, காகித வீட்டில் படியேறினால் ஹால் இடது பக்கம்தான். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்திருப்போம். எருமை கதையோடு இதையும் சேர்த்து வாழ்நாள் முழுக்க என்னைக் கிண்டல் செய்திருப்பாள். நான் சொன்னது வேறு.

"படி நடுவுல ஒரு தடவ வளையுது இல்ல, அதுல உனக்குத் திசை குழம்பிடுச்சு. நான்தான் கூட இருக்கேன்ல, பேசாம வா."

"ஆமாக்கா, இருக்கும்" என்றாள். உடனே நம்பிவிட்டாள்.

அவளைப் படுக்கையறையில் உட்காரவைத்து, துணி மடிக்கச் சொல்லிவிட்டு, நான் சமையலறையில் பாத்திரங்களை அடுக்கினேன். டீச்சர் வருவதற்குள் குளியலறையைத் தானே ஒழுங்கு செய்து வைத்து உங்களை அசத்த வேண்டும் என்று ஆசை அவளுக்கு. துண்டுகளை அடுக்கி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருக்கிறாள். கோல் கட்டில்மேல் கிடந்தது. கதவைத் தாண்டி வெளியே வந்து வலது பக்கம் திரும்பினாள். எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது படி வளையும் இடத்தில் கிடந்தாள், துண்டுகள் மேலிருந்து கீழ்வரை விரிந்து கிடந்தன.

"அக்கா, நான் வலது பக்கம்தானே திரும்பினேன்?"

"விடும்மா, பழகாத வீடு" என்றேன். ஆஸ்பத்திரியில் கேட்டவர்களுக்கும் அதையே சொன்னேன். உங்களுக்கும் அதையேதான் சொன்னேன். அதைத்தான் நீங்கள் உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள்.

முறிந்த இடுப்பெலும்பு கூடிவிட்டது. பயிற்சி கொடுத்தால் முன்போலவே நடக்கலாம் என்கிறார் டாக்டர், அவள்தான் கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறாள். "என் விரலே என்னை ஏமாத்திடுச்சுக்கா, இனிமே எதை நம்பி நான் அடி வைப்பேன்" என்று கேட்கிறாள். ஆஸ்பத்திரி வேலைக்கு இனி வரவில்லை என்று அவர்களுக்குச் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன். அந்தக் காகித வீட்டைக் கிழித்துப் போடச் சொன்னாள். கிழித்துவிட்டேன். இப்போது ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுகிறாள். பாதிச் சாப்பாட்டில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி நான் என்ன ஆவேன்க்கா" என்கிறாள். எனக்கு நெஞ்சு வலிக்கிறது, டீச்சர். அந்த வலிக்குள்ளேயே இன்னொன்றும் இருக்கிறது. சில நாட்களில் அவளுக்கு ஊட்டிவிட்டு வந்த பிறகு எனக்கு நன்றாகப் பசிக்கிறது.

முன்பு சொன்னதில் ஒன்றை மாற்ற வேண்டும். ஒட்டிய பிறகு கவனித்ததாகச் சொன்னேன். அது பொய். பாயிலிருந்து உரித்து எடுத்தபோதே பார்த்துவிட்டேன். பார்த்ததும் மிரர் பட்டனை அழுத்தி, வேறு அட்டை வைத்து மறுபடி வெட்டினேன். சரியாக வந்தது. இரண்டு பாதியும் பக்கத்தில் பக்கத்தில் இந்த மேஜையில்தான் இருந்தன. அப்போது அவள் உள்ளே தோழியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "எங்க அக்கா பாவம்டி, என்னைச் சுமந்தே கிழவியாயிட்டா. இனிமேலாச்சும் அவ விடுதலையா இருக்கட்டும்" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள், எனக்கும் அது புரிந்தது. நான் எதிலிருந்து விடுதலையாவது என்று யோசித்துப் பார்த்தேன். காலையில் எழுந்து யாருக்காக வெந்நீர் வைப்பது. யாரைக் காட்டிப் பெருமூச்சு விடுவது. பசையை எடுத்து, தப்பான பாதியை ஒட்டினேன்.

சரியான பாதி இந்த உறைக்குள் இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை, பிசிறே இல்லாத வெட்டு. தடவிப் பாருங்கள்.

சும்மா ஒரு சுவரில் முட்டிக்கொள்வாள், பயந்துபோய், "முடியலக்கா, வீட்டுக்கே போயிடலாம்" என்பாள், அவ்வளவுதான் நடக்கும் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. அந்தப் பக்கம் முட்டிக்கொள்ளச் சுவரே கிடையாது. அது எனக்குத் தெரியும், அளவெடுத்தவளே நான்தான்.

உங்கள் பாடத்தில் தப்பு இல்லை. கோலை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் வேலையில் சேருங்கள். போலீசுக்குப் போக வேண்டுமென்றால் போங்கள், நான் எங்கும் ஓட மாட்டேன். அவளிடம் மட்டும் இப்போது சொல்லாதீர்கள். உன் விரல் சரியாகத்தான் சொன்னது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் இன்றைக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவாள், எனக்குத் தெரியும். கொஞ்சம் தேறட்டும், நானே சொல்கிறேன். அவள் உடம்பு தாங்க வேண்டுமே என்பதற்காகத்தான் சொல்கிறேன், எனக்காக இல்லை.

விழித்துவிட்டாள் போலிருக்கிறது. கூப்பிடுகிறாள், கேட்கிறதா? தண்ணீர் டம்ளர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்கிறாள். அவளாக ஒன்றைத் தேடிக் கேட்பது, படுத்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. டம்ளர் அவள் வலது கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, நான்தான் வைத்தேன். ஒரு நிமிஷம் இருங்கள், டீச்சர்.

"இரும்மா, இதோ வர்றேன். நீ எதையும் தொடாத."