சண்டைக்குப் போகாத நாட்டின் ஆமி

மாலை நேரத்துக் கிரெய்கிபர்ன் புறநகர் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் இருந்தார்கள். மடியில் பெரிய பையொன்றை அணைத்து வைத்திருந்தவர்தான் தொடங்கினார்.

"சண்டைக்கே போகாத நாடு எண்டுதானே அக்கா சுவிசுக்குப் போனவ. இப்ப அவவின்ர மகன் அந்த நாட்டு ஆமியில கொசோவோவுக்குப் போறானாம்."

"சுவிஸ் நடுநிலை நாடெல்லே, சுகந்தி? பிறகேன் ஆமியை வெளியில அனுப்புறாங்கள்?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"சண்டை பிடிக்க இல்லையாம். வேற நாட்டு ஆமிகளோட சேர்ந்து நிண்டு, திரும்பச் சண்டை வராமல் பாக்கவாம். இவனுக்கு வேலை, சனத்தின்ர வீடுகளுக்குப் போய்க் குறை கேக்கிறது."

"நல்ல வேலைதானே."

"ஊர்ச் சண்டையில பட்டவ அக்கா. ஆமி உடுப்பைக் கண்டால் இன்னும் கதவைப் பூட்டிப்போடுவா. 'போகாதை எண்டு நீ சொல்லு' எண்டு அவ அழுறா. 'அம்மாவைச் சமாளியுங்கோ சித்தி' எண்டு அவன் கெஞ்சுறான்."

"நீ என்ன சொன்னனீ?"

"நான் ஒருத்தற்ற பக்கமும் இல்லை எண்டு ரெண்டு பேருக்கும் சொல்லிப்போட்டன். நானும் சுவிஸ்தான்."

நான் கைபேசியைப் பார்ப்பதுபோல் இருந்தேன். அதன் திரை எப்போதோ அணைந்துவிட்டிருந்தது.

மற்றவர் மூக்கை உறிஞ்சினார். "பைக்குள்ள என்ன, வறுத்த கறித்தூள் மணக்குது?"

சுகந்தி பையின் வாயை இறுக்கிப் பிடித்தார்.

"அவன் கொசோவோ முகாம் விலாசம் தந்தவன், தபாலில போடப்போறன். அங்கத்தைச் சாப்பாடு உறைக்காதாம். அக்காட்டச் சொல்லிப்போடாதை."