கன்ட்ரோல் வயல்

மழை வந்தால் எங்கள் வீட்டில் கிச்சுடிதான். வங்காளத்துக்கு வந்து லேக் கார்டன்ஸில் குடியேறி மூன்று தலைமுறை ஆகிறது. காலைக் காபி, வத்தக்குழம்பு, தயிர்சாதம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் வானம் இருட்டிக்கொண்டால் என் மனைவி ஜெயலக்ஷ்மி வங்காளிப் பெண்ணாகிவிடுவாள். பயத்தம்பருப்பை வாசனை வர வறுத்துப் போட்டு ஒரு கிச்சுடி, தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய். இதை ஏன் சொல்கிறேன் என்றால், முருகானந்தம் சார், போன வருஷம் புயல் திசை மாறிய அன்று அந்தக் கிச்சுடியை என்னால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை.

டி.வி.யில் வங்காளம் தப்பியது என்று மகிழ்ச்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெயலக்ஷ்மி சாமி அறையில் விளக்கேற்றிவிட்டு வந்து, "நல்லவேளை, ஒடிஷா பக்கம் திரும்பிடுத்தாம்" என்றாள்.

"ஏன், அங்கே இருக்கறவா மனுஷா இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் என்னைப் பெரிய மனசுக்காரன் என்று நினைத்திருப்பாள். உண்மையில் எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் புயல் ஏன் எங்கள் பக்கம் வரவில்லை என்றுதான் எரிந்தது.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்களே, அது எனக்குச் சௌகரியம். ஆபீஸில் இங்கிலீஷ், கடைத்தெருவில் வங்காளி என்று பேசிப் பேசி, மனசில் உள்ளதை அப்படியே சொல்ல இடமில்லாமல் போயிற்று. நான் மண் விஞ்ஞானி. கடல் தண்ணீர் புகுந்து உப்பேறிப் போன நிலத்தை அடுத்த பருவத்திலேயே விளைய வைப்பது எப்படி என்பதுதான் என் ஆராய்ச்சி. சுந்தரவனத்தில் ஒரு தீவில் வேலை. பாலிகஞ்சில் கேனிங் லோக்கலைப் பிடித்து, ஆட்டோவில் போய், படகில் ஏறிப் போக வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் அந்த ரயிலில் நின்றுகொண்டு போனவனுக்குத்தான் தெரியும், ஆராய்ச்சி என்றால் என்ன என்று.

வழி ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. வயலைப் பாதிப் பாதியாக மேடும் பள்ளமுமாக வெட்ட வேண்டும். மூலையில் ஒரு குளம் தோண்டி மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் வந்துவிட்டால் அது பள்ளத்தில் வடியும், குளத்து நல்ல தண்ணீரால் மேட்டைக் கழுவிவிடலாம். தீவில் கால்வாய்க்கு வடக்கே உள்ள குடியிருப்பு வடக்குப் பாடா. அங்கே வயல்களை எல்லாம் இப்படி மாற்றிக் கொடுத்தோம். கால்வாய்க்குத் தெற்கே தெற்குப் பாடா. அங்கே எதுவும் செய்யவில்லை. மண்ணை மட்டும் எடுத்து உப்பளவு பார்த்தோம். அதுதான் கன்ட்ரோல். ஒரு பக்கம் மருந்து கொடுத்தால் மறு பக்கம் கொடுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து வேலை செய்ததா என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

நிதிக் குழுவுக்குப் புரியவில்லை. ஒவ்வொரு வருஷமும் சால்ட் லேக்கில் குளுகுளு அறையில் உட்கார்ந்துகொண்டு, சந்தேஷ் இனிப்பைக் கடித்தபடி ஒரே கேள்வி. உங்கள் திட்டம் தீவிர வானிலையைத் தாங்கும் என்கிறீர்கள், தீவிர வானிலை எங்கே? நான் என்ன செய்ய? வருகிற புயல் எல்லாம் ஒடிஷாவுக்கோ பங்களாதேஷுக்கோ போய்க்கொண்டிருந்தது. வெள்ளம் வராத இடத்தில் வெள்ளத்துக்கு எதிரான ஆராய்ச்சிக்கு ஏன் பணம் என்று ஒருவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புயல் அடித்து முடிந்த பிறகு தார்ப்பாயும் பொரியும் வாங்க ஒரே வாரத்தில் ஆணை போடுகிறவர்கள் இவர்கள்தான். அடிப்பதற்கு முன்னால் மண்ணைத் தயார் செய்யப் பணம் கேட்டால், பிச்சைக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். கொடுக்கிறதையும் மார்ச் மாதத்தில் கொடுத்துவிட்டு மார்ச்சுக்குள் செலவழி என்பார்கள். மண்ணுக்கு நிதியாண்டு தெரியுமா? இது ஒரு தீவுக்காக நான் கேட்டதில்லை. இந்தக் கடற்கரை முழுக்க லட்சக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. அதை நீங்கள் மறந்துவிடாமல் கேட்க வேண்டும்.

என்னிடம் தமிழரசி என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். வேதாரண்யம் பக்கத்துப் பெண், உப்பு மண்ணிலேயே வளர்ந்தவள். திட்டம் நின்றால் அவள் வேலையும் போகும். ஆனாலும் அவள் தெற்குப் பாடாவைப் பற்றித்தான் நச்சரிப்பாள்.

"சார், அந்த சாவித்திரி அக்கா வயல மட்டுமாவது நாம வெட்டிக் குடுத்துரலாமே. எத்தன வருஷமா சும்மா மண்ணு மட்டும் எடுத்துட்டு வர்றோம். எனக்கு அவங்க மூஞ்சியப் பாக்கவே சங்கடமா இருக்கு."

"கன்ட்ரோலுக்கும் குடுத்துட்டா அப்புறம் கன்ட்ரோல் ஏதும்மா? நிதி வந்துடட்டும், அடுத்த கட்டத்துல முதல் வயல் அவளோடதுதான்."

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சாவித்திரி தெற்குப் பாடாவில் தனியாக இருந்தவள். கணவர் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டார். கால்வாயை ஒட்டி ஒரு சின்ன வயல், அதுதான் அவளுக்கு எல்லாம். என்னை மாட்டிபாபு என்று கூப்பிடுவாள். வங்காளியில் மாட்டி என்றால் மண். நான் போனால் கட்டாயம் டீ போட்டுக் கொடுப்பாள், அதில் சர்க்கரை அதிகமாக இருக்கும். இந்த வருஷம் மழைக்கு முன்னால் போனபோது பார்த்தால், அவள் வயல் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. மூலையில் ஒரு குளம்கூட. எதிர்க்கரையைப் பார்த்துப் பார்த்து, அவளே மண்வெட்டியை எடுத்து வெட்டியிருக்கிறாள். மற்றவர்களும் ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னார்கள். பெருமையாகக் காட்டினாள். "மாட்டிபாபு, சரியாக வெட்டியிருக்கிறேனா?"

சரியாகத்தான் வெட்டியிருந்தாள். இத்தனை வருஷக் கன்ட்ரோல் போயிற்று.

நான் அவளிடம் கோபமாகப் பேசவில்லை. திட்டத்தில் சேரும்போது நிலத்தை மாற்றுவதில்லை என்று ஒப்புக்கொண்டதை நினைவுபடுத்தினேன். இப்படிச் செய்தால் நிதி நின்றுவிடும், வடக்குப் பாடாக்காரர்களுக்கு வரவேண்டியதும் உன்னால் நிற்கும் என்று பக்குவமாகச் சொன்னேன். ஆளை விட்டுக் குளத்தை மூடி, வயலைப் பழையபடி சமமாக்கினேன். அவள் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாள் என்று தமிழரசி சொன்னாள், நான் கவனிக்கவில்லை. அன்றும் டீ கொடுத்தாள்.

பிறகு புயல் எச்சரிக்கை வந்தது. நானும் தமிழரசியும் கருவிகளை எடுத்துக்கொண்டு தீவுக்குப் போனோம். மறுநாள் காலையில் செய்தி வந்தது. புயல் மறுபடியும் திரும்பிவிட்டது. ஆனால் பௌர்ணமி, மத்தியானம் கடல் ஓதம் பெரிதாக ஏறும் என்றார்கள். ஊர்க்காரர்கள் முன்ஜாக்கிரதையாகப் பள்ளிக்கூட மாடிக்குப் போனார்கள். தமிழரசியையும் அவர்களோடு அனுப்பினேன். யாரும் பாக்கி இல்லை என்று நானே வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். இதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும்.

மதகு உடைந்தது என்று என் அறிக்கையில் இருக்கிறது. மதகு உடையவில்லை. தீவைச் சுற்றியுள்ள கரையில் ஒரே மதகுதான். கடல் உப்பு கலந்த ஆற்று நீர் அதன் வழியாகத்தான் கால்வாய்க்கு வரும். ஓதம் ஏறும்போது கதவை இறக்கி வைப்பார்கள். ஏற்றவும் இறக்கவும் ஒரு இரும்புக் கைப்பிடியை மாட்டித் திருக வேண்டும். மதகைப் பழுது பார்த்தது எங்கள் திட்டம் என்பதால் கைப்பிடி எங்கள் கொட்டகையில் இருக்கும். அதை எடுத்துப் போய் மாட்டி, கதவை முழுக்க ஏற்றினேன். பிறகு கைப்பிடியைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். கால்வாய் இரண்டு பாடாவுக்கும் நடுவில் ஓடுகிறது, தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாகத்தான் போகும். நான் பாரபட்சம் காட்டவில்லை. வடக்குப் பாடா பிழைத்துக்கொள்ளும், தெற்குப் பாடா பிழைக்காது. அந்த வித்தியாசத்தைத்தான் குழு இத்தனை வருஷமாகக் கேட்டது.

சாவித்திரி திரும்பி வருவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மாடியிலிருந்து பார்த்தவளுக்குத் தன் வயலில் தண்ணீர் மின்னுவது தெரிந்திருக்கிறது. கரைமேல் ஓடி வந்தாள். நான் மதகுக்குப் பக்கத்தில் அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாட்டிபாபு, கதவு திறந்திருக்கிறது! கைப்பிடி எங்கே?"

"தெரியவில்லை" என்றேன்.

மதகின் வாயில் செருகும் பழைய பலகைகள் கரையில் கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு அவள் தண்ணீரில் இறங்கினாள். முதல் பலகையைச் செருகியும்விட்டாள். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கை நீட்டினாள், மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி. பை என் தோளில்தான் இருந்தது. கைப்பிடியைக் கொடுத்திருந்தால் கதவு இறங்கியிருக்கும். ஆனால் அப்போது வயல்களில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அந்த அளவை வைத்து எந்தக் குழுவிடமும் பேச முடியாது. இன்னும் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கூப்பிடவில்லை. நான் அளவைக் குறித்துக்கொண்டேன்.

திரும்பும் படகில் தமிழரசி என் பையில் உப்பு மீட்டரைத் தேடினாள். கைப்பிடியை வெளியே எடுத்தாள்.

"சார், இது ஏன் உங்க பையில இருக்கு?"

"பத்திரமா இருக்கட்டும்னு வெச்சேன்மா."

அவள் மீட்டரைத் தேடுவதை விட்டுவிட்டாள். கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு கரை வரும் வரை உட்கார்ந்திருந்தாள். அதை உங்கள் ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை, வருத்தம்தான். வீட்டுக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. ஜெயலக்ஷ்மி கிச்சுடி செய்திருந்தாள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நிதி வந்துவிட்டது, சார். வெள்ளத்தில் மூழ்கிய வயல்களின் படங்களைப் பார்த்ததும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கொடுத்தார்கள். ஒரு பெண் இறந்ததைச் சொன்னபோது தலைவர் எழுந்து நின்று மௌன அஞ்சலிகூடச் செய்தார். எத்தனை வருஷம் எழுதியும் பேசியும் வராதது அன்றைக்கு வந்தது. ஆகவே நான்தான் செய்தேன் என்று எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், அதில் எனக்குச் சங்கடம் இல்லை.

ஒரே ஒரு உதவி. தமிழரசி ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு தெற்குப் பாடாவில் வயல்களை வெட்டிக் கழுவ ஆரம்பித்துவிட்டாளாம். உங்கள் ஆட்கள் சொன்னார்கள். அறுவடை வரை பொறுத்தால்தான் வித்தியாசம் முழுசாகத் தெரியும். மற்ற வயல்களை விட மாட்டேன் என்றால் போகட்டும், சாவித்திரியின் வயலை மட்டுமாவது தொட வேண்டாம் என்று அவளுக்கு நீங்கள் சொல்ல வேண்டும். அதில் பயிர் வைக்க இப்போது யாரும் இல்லை, யாருக்கும் நஷ்டமில்லை.