தண்ணியில மெதக்கறவன்

...மூஞ்சி எதுக்குன்னு கேக்கறான் சார் அந்த டைரக்டர்! "தண்ணியில குப்புற மெதக்கறவனுக்கு மூஞ்சி எதுக்கு, ஆர்வில்?"னு! நீங்களே சொல்லுங்க... இருங்க, ஹாலிவுட் பஸ் ஸ்டாப் வர்றதுக்குள்ள முடிச்சிர்றேன்.

இந்த யூனியன் ஊழல் படம் எல்லாம் ஒரே அச்சு சார். தலைவன் சுருட்டுப் புடிப்பான். துறைமுகத்துக் கூலிக்காரங்க வயித்துல அடிப்பான். ஒரு நல்லவன் கோர்ட்டுல உண்மையச் சொல்றேன்னு கெளம்புவான். அடுத்த சீன்ல கடல்ல கெடப்பான். அந்தப் பொணம், ஒவ்வொரு படத்துலயும், நாந்தான்!

இந்தத் தடவ ஒரு வசனமாச்சும் பேசிரணும்னு, எங்க துணை நடிகர் யூனியன்ல டோலன்னு ஒருத்தன், யாருக்கு என்ன வேஷம்னு அவன் வச்சதுதான் சட்டம்... அவன் வீட்டுக்கு முழுசா ஒரு பன்னித்தொடைய அனுப்பி வச்சேன். எம் பொண்டாட்டி பெர்னிஸ் ஈஸ்டருக்கு வாங்கி வச்சிருந்தது. என்ன சார் அப்பிடிப் பாக்கறீங்க? லஞ்சமா? ச்சேச்சே! மரியாத சார். லஞ்சம்ங்கறது படத்துல அந்தச் சுருட்டுக்காரன் வாங்கறது.

ஈஸ்டரன்னிக்கு பெர்னிஸ் வெறும் முட்டைய அவிச்சு வச்சா.

வசனம் கெடச்சிருச்சு சார்! என்னங்கறீங்க? "நான் பாத்தேன்." அவ்ளோதான்! விளக்கு மூஞ்சில அடிக்குது. இத்தன வருஷமா உப்புத்தண்ணி குடிச்ச வாய் சார், அதோட நிறுத்துமா? எங்கேர்ந்து பாத்தேன், எம் புள்ளகுட்டி கதி என்னன்னு ஆரம்பிச்சேன்... சுட வந்தவன் கை வலிக்குதுன்னு துப்பாக்கிய மாத்தி மாத்திப் புடிக்கறான்! நான் நிறுத்தல. அழுதேன் சார், நெசமாவே அழுதேன்! பிலிம் தீந்துபோச்சு.

நேத்து படம் பாக்கப் போனோம். மச்சினன் குடும்பமும் கூட. சீன் வருது... "நான் பாத்தேன்"ங்கறது யாரு? டோலன்! பன்னித்தொடையத் தின்னவன்! எனக்குத் தெரியாம அவன வச்சுத் திரும்ப எடுத்திருக்காங்க. சொன்னான், செத்தான். சரி, அவனே மெதக்க வேண்டியதுதான? நீச்சல் தெரியாதாம். அதுக்கு மட்டும் நானு!

பெர்னிஸ் எங் கையத் தட்டி, "உங்க முதுகு நல்லா நடிச்சிருக்கு"ன்னா. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல சார்...

ஆனா திங்கக்கெழம அடுத்த படம். டோலன்கிட்ட பேசிட்டேன், இந்தத் தடவ ரெண்டு வசனம். மடியில இந்தப் பொட்டலம் இருக்கே, வான்கோழி! நன்றித் திருநாள் விருந்துக்கு பெர்னிஸ் வாங்கினது. அவளுக்குத் தெரியாது... அந்த வசனத்த நான் எப்பிடிப் பேசப் போறேன்னா, மொதல்ல என் பாட்டனார் அயர்லாந்துலேர்ந்து...

சார்? சார்! எங்க எந்திரிக்கறீங்க? பஸ்ஸு ஓடிட்டிருக்கு சார்! நிக்கட்டும் சார்... ஐயையோ, குதிச்சிட்டாரே!