அவளாகத்தான் இறங்கிப் போனாள்

சாமியார்கள் கல்யாணம் கட்டலாமா என்று என்னைக் கேட்டால், தாராளமாகக் கட்டட்டும் என்றுதான் சொல்வேன். சிஎஸ்ஐ சபையில் போதகருக்கு மனைவி, பிள்ளைகள் எல்லாம் உண்டு. அவர்கள் குடும்பமாக ஸ்கூட்டரில் போவதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகவே இருக்கும். என் தம்பி ததேயுஸின் காரியம் வேறு. அவன் நேர்ந்துவிட்ட பிள்ளை.

அவன் எங்கே போனான் என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அதற்குப் பத்து வருடம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

அம்மா சாகும்போது அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினெட்டு. மீன்கூடை சுமந்துதான் அவனைக் குருமடத்தில் படிக்க வைத்தேன். எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்களை நானே வேண்டாமென்றேன். அவன் குருப்பட்டம் வாங்கிய அன்று அவன் கையை முதலில் முத்தி செய்தவள் நான். பிறகு அவன் போன பங்குக்கோயிலுக்கெல்லாம் நானும் போனேன். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் அவனுக்குத் தூக்கம் வரும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

2004-இல் ஒரு கடற்கரைப் பங்கில் இருந்தோம். அங்கே பள்ளிக்கூடத்தில் அஜிதா என்று ஒரு கம்ப்யூட்டர் டீச்சர். சிஎஸ்ஐக்காரி. நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். பாட்டுப்புத்தகம் டைப் அடிக்க, நாங்கள் இருந்த சாமியார் பங்களாவுக்கு வருவாள். ஒருநாள் சாப்பிட்டுவிட்டு, மீன்குழம்பில் புளி கொஞ்சம் கூடிவிட்டது என்றாள். மறுநாளிலிருந்து தம்பிக்கும் புளி கூடுதலாகப் பட்டது.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் அவன் சொன்னான்: "அக்கா, ஜனவரியில பட்டத்தை விடுதேன்னு ஆயருக்கு எழுதிக் குடுக்கப்போறேன். அஜிதாவைக் கெட்டப்போறேன். நீயும் எங்ககூடத்தான் இருப்பே."

'எங்க' என்று அவன் சொன்னதில் நான் இல்லை. சரி மக்கா என்றேன்.

மறுநாள் ஞாயிறு. அவன் கடலைவிட்டுத் தள்ளி மேட்டில் இருந்த கிளைக்கோயிலுக்குப் பூசை வைக்கப் போய்விட்டான். நான் மொட்டைமாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அஜிதா என்னைத் தேடி மேலே வந்தாள்.

"அக்கா, எங்க சபையில போதகருக்குப் பெண்டாட்டி உண்டுல்லா. அதுனால கர்த்தர் அங்க வராம இருக்காரா?"

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் கடல் எழும்பியது. அது வருவதை இருவரும் பார்த்தோம். கீழே அடுக்களையில் வேலைக்கு வரும் விக்டோரியா பாட்டி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், முட்டுவலிக்காரி, படியேற மாட்டாள்.

"பாட்டி கீழ நிக்கிது அக்கா. நான் தூக்கிட்டு வாறேன்." அஜிதா ஓடினாள். நான் அனுப்பவில்லை. அவளாகத்தான் இறங்கிப் போனாள்.

படி திரும்பும் இடத்தில் ஒரு கம்பிக்கதவு உண்டு. நான் அதுவரை இறங்கி அதைப் பூட்டினேன். பூட்டு விழுந்ததா என்று இரண்டு முறை இழுத்தும் பார்த்தேன்.

அவள் பாட்டியை முதுகில் சுமந்துகொண்டு வந்தாள். "அக்கா, தொறயுங்க. தாக்கோலு எங்க?"

"தேடுதேன் மக்கா" என்றேன். சாவி என் கைக்குள் இருந்தது. தண்ணீர் கதவுக்கு மேலே பத்துப் படி ஏறியது. நானும் பத்துப் படி ஏறி நின்றேன். வடிந்ததும் பூட்டைத் திறந்து வைத்தேன்.

மத்தியானம் தம்பி வந்து, எல்லோரோடும் சேர்த்துப் பொதுக்குழியில் இருவரையும் அடக்கினான். ஆயருக்கு எழுதவில்லை. பத்து வருடம் ஒரு குறையுமில்லாமல் போனது. இப்போது இந்த அஞ்சுகிராமம் பக்கத்துப் பங்குக்கு மாற்றலாகி வந்திருக்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை பத்தாம் வருட நினைவுப் பூசை. செத்தவர்களின் பெயர்களை வாசித்தபோது அஜிதா பெயரை முதலில் வாசித்தான். மற்றவர்கள் எங்கள் கத்தோலிக்கச் சபைக்காரர்கள், அந்தக் கடற்கரையில் பிறந்தவர்கள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "அவ செத்துப் பத்து வருசமாச்சே மக்கா."

"எனக்குச் சாகல்லக்கா" என்றான்.

இத்தனை வருடமும் இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேராக இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அவன் உட்கார்ந்திருந்தான். நான் போய் முழங்காலிட்டு, கதவிலிருந்து சாவிவரை எல்லாம் சொன்னேன். அங்கே கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லக்கூடாது. அது தெரிந்துதான் அங்கே போனேன்.

"பாட்டி முதுகுல இருந்துதா அக்கா?"

"ஆமா மக்கா."

"செஞ்சதுக்கு மனஸ்தாபப்படுதியா?"

"ஒனக்காகத்தானே செய்தேன்."

அவன் கையை உயர்த்தி மன்னிப்புச் சொல்லாமலே எழுந்து போனான். நான் வீட்டுக்கு வந்தபோது அங்கி கட்டில்மேல் கிடந்தது. இன்றோடு நாலு நாள்.

நான் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அஜிதாவையும் விக்டோரியாவையும் கொன்றது நான்தான். ஆனால் தம்பியைத் தேடி ஆள் அனுப்ப வேண்டாம் சார். கோபம் ஆறினால் அவனே வருவான். உலகத்தில் அவனுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்.